இட்டேரிக்கும் அயர்லாந்துக்கும் என்னங்க சம்பந்தம்? – குட்டி ரயில் கேள்வி பதில்

போன மாசம் எங்கூட்டு மாடி ரூம்ல நான் கட்டிட்டு இருக்கற அயர்லாந்து ரயில் லேஅவுட்ட, அதாவது பலகை மேல தண்டவாளம், ஸ்டேஷன், காடு எல்லாம் குட்டியா செஞ்சு வெக்கற மாடலப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுனேன், அவ்ளோதான், கடுதாசியும் வாட்ஸப்புமா வந்து குமிஞ்சுருச்சுங்க. பாதிப்பேரு "இதென்ன வேலைங்ணா"ன்னு சிரிச்சிருக்கீங்க, மீதிப்பேரு பிளைவுட்டே வாங்கிட்டீங்க போல. முடிஞ்ச வரைக்கும் எல்லாத்துக்கும் பதில் சொல்லிப்புடறேன்.

ஏனுங்ணா, ஊட்டி ரயிலு எங்கூரு டேசன்ல இருந்துதான் தெனமும் கெளம்புது. அத உட்டுப்போட்டு எங்கியோ இருக்கற அயர்லாந்து ரயில எதுக்குங்ணா புடிச்சுட்டுத் தொங்கறீங்க?
– மேட்டுப்பாளையம் வாசகர்

கோவமா கேட்டாலும் ஞாயமான கேள்விதானுங்க. மொதல்ல நானும் நம்ம மலை ரயிலத்தான் கட்டோணும்னு உக்காந்தேன். 46 கிலோமீட்டரு, 1899ல குன்னூரு வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் போட்ட லைனு, எல்லாம் சரி, ஆனா அதுல பல்சக்கரம் புடிச்சு ஏறுற எடத்துல 12க்கு 1ங்கற ஏத்தம், அதாவது 12 அடி போனா 1 அடி ஏறுறது, வருது பாருங்க, அங்கதான் சிக்கல். மாடல்ல சாதாரண எஞ்சின் 30க்கு 1 ஏத்தத்துலயே ரெண்டு பொட்டிய இழுக்க முடியாம சக்கரத்த சுத்திட்டு நின்னுக்கும். பல்சக்கரத்த மில்லிமீட்டர் கணக்குல நாமளே கடைசல் போட்டாத்தான் உண்டு, அது எனக்கு வராத வேலைங்க.

அந்த நேரத்துல தங்கச்சி வூட்டுக்காரரு, அவரு அயர்லாந்துல கார்க்ல வேலைல இருக்காரு, ஊருக்கு வர்றப்ப ஒரு 141 கிளாஸ் டீசல் எஞ்சின் மாடலக் கொண்டாந்து குடுத்தாரு. பொம்மைன்னுதான் வாங்கி வெச்சேன். அப்புறம் அதப் பத்திப் படிக்கப் படிக்க, அடடா, வூட்டுக்குள்ள கட்டறதுக்குன்னே செஞ்ச ரயில்வே மாதிரி இருக்குதேன்னு தோணுச்சு. நெறைய எடத்துல ஒத்தை லைன், ஒரு சின்ன எஞ்சின், பின்னால ரெண்டே ரெண்டு பொட்டி, அது நெசத்துலயே அப்படித்தான் ஓடுச்சு. நம்ம சேரன் எக்ஸ்பிரஸ 20 பொட்டியோட கட்டோணும்னா பொட்டிக்கே ஆறு மீட்டரு வேணும், எங்கூட்டு மாடி ரூம்ல செவுத்த இடிச்சாலும் பத்தாது. ஊட்டி ரயிலு மேல ஆசை போகலீங்க, ஆனா ஆசைய விட அளவுதான் மொதல்ல பாக்கோணும்.

36 வருசம் எஞ்சின் ஓட்டி ரிட்டையர் ஆனவன். உங்க போட்டோவுல எஞ்சின் அகலமாவும் தண்டவாளம் ஒடுக்கமாவும் தெரியுதே, அயர்லாந்துல மீட்டர் கேஜா?
– ஈரோடு வாசகர்

ஐயா, உங்க கண்ணு கண்ணுதானுங்க. இந்தப் பத்திரிகைய எத்தனை பேரு பாத்திருப்பாங்க, நீங்க ஒருத்தருதான் இதக் கேட்டிருக்கீங்க.

அயர்லாந்து மெயின் லைன்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவால 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மி.மீ. நம்ம பிராட்கேஜ் 1676, அதவிட கொஞ்சம் கம்மி, இங்கிலாந்துக்காரன் 1435ஐ விட எச்சா. இது எப்படி வந்துச்சுங்கறது ஒரு கூத்து. 1834ல டப்ளின்ல இருந்து கிங்ஸ்டவுனுக்குப் போட்ட மொத லைன் 4 அடி எட்டரை அங்குலம். வடக்க அல்ஸ்டர் கம்பெனிக்காரன் 6 அடி 2 அங்குலத்துல போட்டான், நடுவால டப்ளின்–ட்ரோகெடாக்காரன் 5 அடி 2 அங்குலம்னு ஆரம்பிச்சான். பங்காளிச் சண்டை கணக்கா ஆளுக்கொரு அளவு. கடைசில அரசாங்கம் தலையிட்டு யாரோட அளவும் இல்லாம பொதுவா 5 அடி 3 அங்குலம்னு முடிவு பண்ணி 1846ல சட்டமே போட்டுட்டாங்க. பிரேசில்லயும் ஆஸ்திரேலியாவுல விக்டோரியா பக்கமும் இன்னைக்கும் இந்த கேஜ் இருக்குது.

இப்ப மாடலுக்கு வருவோம். நான் கட்டற டபுள்-ஓ ஸ்கேல்ல நெசத்துல ஒரு அடின்னா மாடல்ல 4 மி.மீ. அப்ப 5 அடி 3 அங்குலத்துக்கு 21 மி.மீ. வரோணும். ஆனா கடைல கெடைக்கற டிராக் 16.5 மி.மீ. தான், கணக்குப் போட்டா 4 அடி ஒண்ணரை அங்குலம் ஆகுது, ஒரு அடிக்கும் மேல துண்டு விழுது. அதான் உங்களுக்கு ஒடுக்கமாத் தெரிஞ்சது. 21 மி.மீ.ல கட்டறவங்க இருக்காங்க, ஒவ்வொரு சிலீப்பர் கட்டையும், தண்டவாளம் ரெண்டாப் பிரியற ஒவ்வொரு பாயிண்ட்ஸும் கைல செய்யோணும், எஞ்சின் சக்கரத்தையும் பிரிச்சு அகலப்படுத்தோணும். நான் அதுக்குப் போகல. சிலீப்பர் கட்டை நுனிய ஜல்லில நல்லா பொதைச்சு, பலகைய நெஞ்சு ஒசரத்துக்கு தூக்கி வெச்சுட்டா, பக்கவாட்டுல பாக்கறப்ப கேஜ் கண்ணுக்கு வராது. எஞ்சின் ஓட்டுனவரு வந்து நேர் முன்னால நின்னு பாத்தா மட்டும் மாட்டிக்குவேன். இதுல வேடிக்கை என்னன்னா அயர்லாந்தோட 3 அடி நேரோகேஜ், டோனிகல், மேற்கு கிளேர் பக்கமெல்லாம் ஓடுச்சே, அதுக்கு சரியா 12 மி.மீ. தான் வரும், அந்த அளவு டிராக் கெடைக்குது. பெருசு தப்பா வருது, சிறுசு கரெக்டா வருது.

உங்களுக்காக இன்னொண்ணு ஐயா. 1994ல அங்க வந்த 201 கிளாஸ் எஞ்சினுக்குள்ள இருக்கறது ஈஎம்டி 710ங்கற அமெரிக்க டீசல் மோட்டார், 12 சிலிண்டர். நம்ம கூட்ஸ் டீசல் எஞ்சின் டபிள்யூடிஜி-4ல இருக்கறது அதே குடும்பத்து 16 சிலிண்டர். சவுண்டு சிப் போட்டு ஓட்டுறப்ப கண்ண மூடிக் கேளுங்க, ஷெட்டு ஞாபகம் வந்துரும்.

8 அடி நீளம், 2 அடி அகலம், செவுத்தோரமா அவ்ளோதான் எடம். வட்டமா ரயில் சுத்துமா?
– திருப்பூர் வாசகர், பனியன் கம்பெனி

சுத்தாதுங்க. 2 அடின்னா 61 செ.மீ., கடைல கெடைக்கறதுலயே சின்ன வளைவுக்கு ஆரம் 371 மி.மீ., வட்டம் அடிக்கவே 75 செ.மீ. தாண்டுது, அந்த வளைவுல பெரிய எஞ்சினெல்லாம் தெணறும், பாக்கவும் ராட்டினம் மாதிரி இருக்கும். சுத்தறத உடுங்க. அயர்லாந்துல கிளை லைனோட கடைசி ஸ்டேஷன் எத்தனையோ இருந்துச்சு, அதுல ஒண்ணக் கட்டுங்க, ரயில் வரும், நிக்கும், எஞ்சின் கழண்டு மறுபக்கம் வந்து மாட்டும், போகும்.

அளவு சொல்றேன், பேப்பர்ல வரைஞ்சுக்கோங்க. 141 எஞ்சின் சுமாரா 18 செ.மீ., ஒரு கோச் 26 செ.மீ., எஞ்சினும் ரெண்டு கோச்சும் சேந்தா 70. ஒங்க 244 செ.மீ.ல ஒரு ஓரத்துல 75 செ.மீ.ய மறைவா ஒதுக்கிருங்க, ரயில் "வெளியூரு" போயி நிக்கற எடம் அது. அதுக்கு முன்னால ரோட்டுப் பாலம் ஒண்ணு குறுக்க போட்டா ரயில் உள்ள போற ஓட்டை தெரியாது. மீதி 169. மீடியம் பாயிண்ட்ஸ் ஒண்ணு 22 செ.மீ., ரெண்டுக்கு 44. நடுவால கோச் நிக்க 55. எஞ்சின் கழண்டு முன்னால போயி நிக்க 20. ஆக 119, கைல இன்னும் அரை மீட்டரு இருக்குது, கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு சைடிங்க, வண்டி ஒதுங்கி நிக்கற கிளைத் தண்டவாளத்த, அதுல உட்டுக்கலாம். அதுக்கு மேல ஒரு பாயிண்ட்ஸ் கூட போடாதீங்க. எடம் இருக்குதேன்னு போட்டு ரொப்புனா டிராக்குதான் தெரியும், ஊரு தெரியாது.

பையனும் நானுமா வாங்கி வெச்சதுல வெள்ளிக் கலர் எஞ்சின் ஒண்ணு, ஆரஞ்சு கலர் ஒண்ணு. ரெண்டையும் ஒரே ஸ்டேஷன்ல நிறுத்தலாமா சார்?
– கோபிச்செட்டிபாளையம், ஒரு ஆசிரியை

நிறுத்தலாம் டீச்சர், போலீஸ் வராது. ஆனா தம்பி பெருசானதும் கேப்பான், அதனால சொல்றேன். 1945ல சிஐஈன்னு பேரு வெச்ச கம்பெனி தெற்கு அயர்லாந்து ரயில்ல பெரும்பகுதியக் கைல எடுத்துச்சு. 1955ல மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ்கிட்ட 60 ஏ கிளாஸ் டீசல் எஞ்சின் வாங்குனாங்க, அது வந்தது வெள்ளிக் கலர்ல. வெள்ளிப் பெயிண்டு மேல டீசல் புகையும் எண்ணெயும் படிஞ்சா எப்படி இருக்கும்னு நீங்களே நெனைச்சுக்கோங்க, கொஞ்ச நாள்லயே பாக்க சகிக்கல, அப்புறம் பச்சை அடிச்சாங்க. 60கள்ல கறுப்பும் மரக்கலரும் வந்துச்சு. ஆரஞ்சு வந்தது 1972ல. அப்ப வெள்ளியும் ஆரஞ்சும் பாட்டனும் பேரனும் மாதிரி, ஒரே மேடைல நிக்காது.

நம்பரையும் பாருங்க. அந்த ஏ கிளாஸ்ல மொதல்ல இருந்த கிராஸ்லி எஞ்சின் ரிப்பேர் மேல ரிப்பேரு, 1968ல இருந்து அதத் தூக்கிப்போட்டு ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் வெச்சாங்க. மாத்துனதோட நம்பருக்குப் பின்னால ஒரு "ஆர்" சேந்துக்கும், அப்புறம் 70கள்ல முன்னால இருந்த "ஏ" எழுத்தே போயி வெறும் எண்ணாயிருச்சு. ஆக வெள்ளிக் கலர் எஞ்சின்ல "ஆர்" இருந்தா யாரோ தப்பு பண்ணிருக்காங்கன்னு அர்த்தம். நீராவி வேணும்னா 1963க்கு முன்னால ஒரு வருசத்த எடுத்துக்கோங்க, அதோட சிஐஈல நீராவிக்கு மூடுவிழா. ஒரே ஒரு வருசத்த முடிவு பண்ணி செவுத்துல எழுதி ஒட்டிருங்க, பாதி செலவு மிச்சம். என் செவுத்துல 1974ன்னு இருக்குது.

காங்கேயம் பக்கம் விவசாயம். உங்க லேஅவுட்டுல காடும் வேலியும் பாத்தா எங்க கொறங்காடு மாதிரியே இருக்குது. நெசமா அங்க அப்படித்தானா, இல்ல நீங்க நம்மூர வெச்சுட்டீங்களா?
– காங்கேயம் வாசகர்

இந்தக் கடுதாசியப் படிச்சுட்டு ரெண்டு தடவை எந்திரிச்சு நடந்தேனுங்க. நான் இத ஒரு வருசம் கழிச்சுத்தான் கண்டுபுடிச்சேன், நீங்க ஒரு போட்டோவுல புடிச்சுட்டீங்க.

நெசமா அப்படித்தானுங்க. அயர்லாந்துல மேய்ச்சல் காட்டச் சுத்தி உசுரு வேலிதான், நம்ம கொறங்காட்டுக்கு கிளுவை வேலி மாதிரி அவங்களுக்கு ஹாதார்ன்னு ஒரு முள்ளுச் செடி. மே மாசம் வெள்ளையா பூத்துக் கெடக்கும். நடுநடுவால ஃபர்ஸ்னு மஞ்சப்பூ முள்ளுப் பொதரு. ரெண்டு வேலிக்கு நடுவால போற சின்ன மண்தடத்துக்கு அவங்க போரீன்னு பேரு வெச்சிருக்காங்க, நடுவால புல்லு மொளைச்சு ரெண்டு பக்கம் சக்கரத் தடம் மட்டும் இருக்கும். அது இட்டேரி இல்லாம வேற என்னங்க? மேக்கு கடலோரம் போனா வேலிக்குப் பதிலா சாந்து வெக்காம அடுக்குன கல்லுச் செவுரு, அதுவும் நம்ம பக்கம் பாறைக்காட்டுல பாத்ததுதான்.

ஆனா ரெண்டு எடத்துல நம்மூரு உள்ள வந்துரும், அங்க ஜாக்கிரதையா இருக்கோணும். ஒண்ணு மண்ணு. எம்பட கை தானா செம்மண்ணத்தான் தேடுச்சு, மொத தடவை பிளாட்பாரத்துக்குப் பின்னால செம்மண்ணச் சலிச்சுத் தூவிட்டேன், தங்கச்சி வூட்டுக்காரரு பாத்துட்டு "மச்சான், இது தாராபுரம் ரோடு"ன்னுட்டாரு. அங்க மண்ணே கண்ணுக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சா ஈரமா கருப்பா பழுப்பா தெரியும், மீதி எல்லாம் தண்டவாளத்தோரம் வரைக்கும் புல்லு. ரெண்டாவது வானம். பின்னால போர்டுல நல்ல நீலம் அடிக்காதீங்க, சாம்பலும் வெள்ளையுமா நம்ம ஆடி மாசத்து மோடம் போட்ட வானம் மாதிரி அடிங்க. வானத்த மாத்துன அன்னைக்குத்தான் அது அயர்லாந்தாச்சு, அதுக்கு முன்னால வெறும் பச்சைப் பலகை.

வேலிக்கு என்ன போட்டேன்னும் கேட்டிருந்தீங்க. வெளிநாட்டுல குதிரை முடில ரப்பர் பால் தெளிச்ச ஷீட்டப் பிச்சு வேலி செய்வாங்க. நமக்கு எதுக்குங்க குதிரை, மெத்தைக்குள்ள வெக்கற ரப்பரைஸ்டு காயர் ஷீட்டு இருக்குது. மெத்தைக் கடைல வெட்டுன துண்டு சும்மாவே குடுப்பாங்க. ஒரு வெரக்கடை அகலத்துக்கு வெட்டி, கைல நல்லா பிச்சு ஒதறி, உள்ள வெளிச்சம் தெரியற மாதிரி ஆக்கி, கருப்புப் பழுப்பு பெயிண்ட் அடிச்சு, மேல பசை தெளிச்சு பச்சைத் தூள் தூவுங்க. ஒரே மட்டமா வெட்டிறாதீங்க, அது பங்களா வேலி. கிளுவை வேலி ஒங்களுக்குத் தெரியாததா, அங்கங்க சந்து உழுந்து, அத ஒரு படல வெச்சு அடைச்சு, அப்படித்தான் இருக்கோணும்.

காயர் பித், அதான் தேங்கா நாருத் தூளு, ஏற்றுமதி பண்றோம். "கோகோ பீட்"டுங்கறோம், அயர்லாந்துலயும் "பீட்"டுங்கறாங்க. லேஅவுட்டுக்கு எங்க சரக்கு ஆகுமா?
– பொள்ளாச்சி வாசகர்

ஆகுமுங்க, அதவிடப் பொருத்தமா ஒண்ணும் கெடையாது. அங்க பீட்டுங்கறது சதுப்பு நெலத்துல ஆயிரக்கணக்கான வருசமா மக்கிக் கெடக்கற செடி, வெட்டிக் காய வெச்சு அடுப்பெரிப்பாங்க. போர்ட் நா மோனான்னு ஒரு அரசு நிறுவனம், 1946ல ஆரம்பிச்சது, அந்த பீட்ட இழுக்கறதுக்குன்னே 3 அடி கேஜுல தண்டவாளம் போட்டு குட்டி டீசல் எஞ்சின் ஓட்டுச்சு. கருப்பு நெலம், எங்க பாத்தாலும் தட்டை, நடுவால தத்தித் தத்தி ஒரு ரயில். சுற்றுச்சூழல் காரணமா 2021 ஜனவரில பீட் எடுக்கறத அந்த நிறுவனம் முடிச்சுக்கறதா அறிவிச்சிருச்சு. செடி வளக்கறவங்க பீட்டுக்குப் பதிலா இப்ப ஒங்க பித்த வாங்குறாங்க, மாடல்லயும் அதேதான்.

கழுவுன பித்தா எடுத்துக்கோங்க, கழுவாததுல உப்பு நிக்கும், தண்டவாளத்துக்கிட்ட அது ஆகாது. மாவு சல்லடைல சலிச்சு வெயில்ல நல்லா காய வெச்சுட்டுப் போடுங்க. நான் பாதி ஈரத்தோட பசை ஊத்தி ஒட்டிட்டேன், ஐப்பசி மழைல ஒரு மூலைல வெள்ளையா பூஞ்சை புடிச்சு சுரண்டிப்போட்டேன். வெட்டுன பீட்ட நாலஞ்சு கட்டியா கூம்பு மாதிரி நிறுத்திக் காய வெப்பாங்க, அதுக்கு பித்த பசைல பெசைஞ்சு தட்டி, காஞ்சதும் பிளேடுல சின்னச் சின்ன செங்கல்லா நறுக்கிக்கோங்க.

அண்ணா, கொசு பேட்ட வெச்சு புல்லு நட முடியும்னு ஃப்ரெண்டு சொல்றான். கலாய்க்கறானா?
– கோவை, இன்ஜினியரிங் 2ம் வருசம்

இல்ல தம்பி, நெசந்தான். கொசு பேட்டுக்குள்ள இருக்கற சர்க்யூட்டு பேட்டரிய வெச்சு ஆயிரக்கணக்கான வோல்ட்டு உண்டு பண்ணுது. வலைக்குப் போற ரெண்டு வயர்ல ஒண்ண இரும்பு டீ வடிகட்டில இணைச்சு, இன்னொண்ண ஈரப் பசைல குத்துன ஆணில மாட்டி, வடிகட்டில நைலான் நாரப் போட்டு ஆட்டுனா நாரு எல்லாம் சார்ஜ் ஏறி எறங்கி பசைல நட்டுக்குத்தலா நின்னுக்கும். முதல் தடவை பாக்கறப்ப விசிலடிக்கத் தோணும்.

பட்டனை உட்டதுக்கு அப்புறமும் கெபாசிட்டர்ல கரண்டு நிக்கும், ரெண்டு வயரையும் ஒண்ணோட ஒண்ணு தொட வெச்சு "சட்"னு சத்தம் வந்தப்புறம்தான் கைய வெக்கோணும். பிளக்கோட சேந்த பேட்டுன்னா சார்ஜ் ஏறிட்டு இருக்கறப்ப பிரிக்கவே கூடாது. தின்னர் பாட்டில பக்கத்துல வெச்சுட்டுப் பண்ணாதே. எனக்கு ஒருக்கா முழங்கை வரைக்கும் உதறிருச்சு, அன்னைக்குப் பூரா காபி டம்ளர ரெண்டு கையிலயும் புடிச்சேன்.

நாருக்கு ஆன்லைன்ல தேடி அலையாதே. திருப்பூர்ல டீஷர்ட்டுக்கு ஃபிளாக் பிரிண்டிங் பண்றாங்களே, வெல்வெட் மாதிரி தொட்டா மெத்துனு இருக்குமே, அதுவும் இதே டெக்னிக்தான், அந்த யூனிட்டுல கேட்டா ஒரு கை அளவு தருவாங்க. ஒரு மில்லி நீளம்தான் இருக்கும், ஆனா நம்ம ஸ்கேல்ல அது ஏழரை செ.மீ., ஆடு மேய்ஞ்ச புல்லுக்கு சரியா வரும். ஒரே பச்சையா நடாம கொஞ்சம் வைக்கோல் கலர் கலந்துக்கோ, பச்சைக்கு பேர் போன நாடுன்னாலும் புல்லு எல்லா எடத்துலயும் ஒரே பச்சையா இருக்காது.

சத்திப் பக்கம் கரும்பு ஏத்திப்போற மாதிரி அங்க என்ன ஏத்துனாங்க?
– சத்தியமங்கலம் வாசகர்

சர்க்கரைதானுங்க, ஆனா கரும்பு இல்ல, பீட்ரூட் ஜாதில வெள்ளைக் கெழங்கு, சுகர் பீட். கார்லோல 1926ல மொத ஆலை, அப்புறம் மாலோ, தர்லஸ், டுவாம். இலையுதிர் காலம் வந்துட்டா நம்ம அரவை சீசன் மாதிரி ராப்பகலா இந்த சுகர் பீட் ரயிலு ஓடும். வெல்லிங்டன்பிரிட்ஜ்ல ஏத்தி மாலோவுக்குப் போறதுதான் கடைசியா இருந்த ஓட்டம், 2006ல மாலோ ஆலைய மூடுனதோட அதுவும் நின்னுருச்சு. வேகன் மேல வேகன் தொட்டிய ஏத்தி வெல்டு வெச்ச ரெண்டடுக்கு வண்டிங்க, பாக்க ஆளு இல்லாத அழகு.

லோடுக்கு கடுகு போடுங்க. 15 செ.மீ. கெழங்கு நம்ம ஸ்கேல்ல 2 மில்லி, கடுகும் அதே அளவு. அழுக்கு வெள்ளை அடிச்சு மேல மண்ணுக் கலரக் கழுவி உட்டா கெழங்கேதான். ஒரே ஒரு அடுக்கு கடுகு, அடில தெர்மாகோல். வூட்டுல கேட்டுட்டு எடுங்க.

சித்திரைல டிராக் வளைஞ்சு எந்திரிச்சுருச்சு. கம்பெனி டிராக்தான். ஏன்?
– கரூர் வாசகர்

மாடில ஷீட்டு போட்ட ரூம்ல ஒரு மூட்டுக்குக் கூட சந்து உடாம இறுக்கிட்டீங்களா? நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு, 20 டிகிரி சூடு ஏறுனா, மூணுல ஒரு பங்கு மில்லி நீளும். 4 மீட்டருக்கு ஒண்ணரை மில்லிக்கிட்ட, போக வழியில்லாம மேல எந்திரிக்கும். மார்கழில போட்டா ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் உட்டுப் போடுங்க. சந்து உட்டா கரண்டு போகாதுன்னு பயப்படாதீங்க, ஒவ்வொரு துண்டுக்கும் அடில தனி வயர சால்டர் பண்ணிருங்க.

ஜல்லிக்கு எம்-சாண்ட் சலிச்சுப் போட்டிருக்கேன்னு எழுதிருக்கீங்க, நல்லது, ஆனா ஒட்டறதுக்கு முன்னால பாலிதீன் சுத்துன காந்தத்த அது மேல ரெண்டு மூணு தடவை ஓட்டிருங்க. இரும்புத் தூள் ஒட்டும் பாருங்க, அது எஞ்சின் மோட்டாருக்குள்ள போச்சுன்னா முடிஞ்சுது. ஃபெவிகாலும் தண்ணியும் பாதிப்பாதி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், இங்க் ஃபில்லர்ல சொட்டுச் சொட்டா. சொட்டு சோப்பு இல்லேன்னா ஜல்லி பசை மேல மெதக்கும்.

பலகைக் காலை நேராத் தரைல வெக்காதீங்க, எம்பட மொத பலகைய கரையான் ஆறு மாசத்துல தின்னுருச்சு, பெயிண்டு மட்டும் தோலு மாதிரி நின்னுது.

வெளிநாட்டுல இருந்து வரவெச்சா டூட்டி எவ்ளோ?
– நாமக்கல் வாசகர்

நெம்ப. பொம்மைக்கு 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60, 2023ல 70னு ஏத்துனாங்க. ஆர்டர் போடற அன்னைக்கு என்ன ரேட்டுன்னு பாத்துட்டுப் போடுங்க. எனக்கு ஒரு பார்சல் ரெண்டு மாசம் எங்கியோ கெடந்து, பொட்டி நசுங்கி, உள்ள பஃபர் ஒடைஞ்சு வந்துச்சு. எஞ்சின மட்டும் வரவெச்சுக்கோங்க, இல்ல சொந்தக்காரங்க வர்றப்ப கொண்டாரச் சொல்லுங்க. கட்டடம், பாலம், பிளாட்பாரம் எல்லாம் கோயமுத்தூர்ல லேசர் கட்டிங்ல 2 மில்லி எம்டிஎஃப் மரத்தூள் பலகை குடுத்தா வெட்டித் தந்துருவாங்க.

எங்கூட்டுக்காரரு ஸ்டேஷன் கட்டிட்டாரு. நவராத்திரிக்கு கொலு பார்க்குல வெச்சுக்கலாம்ங்கறேன், பொம்மை எல்லாம் எடுத்துக் குடுத்தா "கூடவே கூடாது"ங்கறாரு. ஞாயம் சொல்லுங்க.
– உடுமலைப்பேட்டை, ஒரு அம்மிணி

அம்மிணி, கொலுவுக்கு ரயில் குடுக்கச் சொல்லுங்க, அவரு குடுக்கோணும். ஆனா பொம்மை விசயத்துல அவரு பக்கம்தான் நிப்பேன். கொலுவுல எடம் காலியா இருந்தா கொறை. கிராமத்து அயர்லாந்து ஸ்டேஷன்ல எடம் காலியா இருந்தாத்தான் நெசம். பிளாட்பாரத்துல ஒருத்தரு சைக்கிளப் புடிச்சுட்டு நின்னா போதும். என் லேஅவுட்டுல மொத்தம் ஏழு பேரு, ஒரு நாயி.

உங்களுக்கு வேலை வேணும்னா நல்ல வேலை ஒண்ணு இருக்குது, பால் சொசைட்டி. அங்க கிரீமரிம்பாங்க. 1889ல லிமெரிக் மாவட்டத்துல ட்ரோம்காலஹர்ங்கற ஊருல மொத கூட்டுறவு கிரீமரி வந்துச்சு, அப்புறம் ஊரூருக்கு. காலைல கழுதை வண்டில பால் கேனை வெச்சுட்டு வரிசைல நிப்பாங்க. உடுமலைக்காரிக்கு அத நான் சொல்லித் தரோணுமா? ஸ்டேஷனுக்கு வெளில அதக் கட்டுங்க, அதுக்கு நாலு ஆளு வெச்சுக்கலாம்னு அவருகிட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க. பக்கத்துல தபால் பொட்டி வெச்சா பச்சை அடிங்க, சிவப்பு இல்ல. விடுதலை ஆனதும் பிரிட்டிஷ் ராசா ராணி எழுத்து பொறிச்ச பழைய பொட்டிக மேலயே பச்சைய அடிச்சுட்டாங்க, பொட்டி அதேதான்.

ஸ்டேஷன் பேர்ப்பலகைல என்ன எழுதறது? கற்பனை ஊருக்கு பேரு எப்படி வெக்கறது?
– அவிநாசி வாசகர்

நம்ம ஸ்டேஷன்ல மூணு பாஷை இருக்கற மாதிரி அங்க ரெண்டு, ஐரிஷும் இங்கிலீஷும். பழைய பலகைக ஐரிஷ் எழுத்துல இருக்கும், அதுல மெய்யெழுத்து சிலது மேல புள்ளி வெப்பாங்க, நம்ம புள்ளி மாதிரியே. நமக்குப் புள்ளி வெச்சா உள்ள இருக்கற அகரம் போயிரும், அவங்களுக்கு சத்தம் மெதுவாயிரும். பின்னால வந்த பலகைல புள்ளிக்குப் பதிலா இங்கிலீஷ் ஹெச் எழுத்து. பழைய காலத்து ஸ்டேஷன்னா புள்ளிய மறக்காதீங்க, 0.1 பேனாவுல வெக்கலாம்.

பேருக்கு, அங்க நெறைய ஊரு "பாலி"ன்னு ஆரம்பிக்கும், அது "பால்யா"ங்கற ஐரிஷ் சொல்லு, குடியிருப்பு, ஊருன்னு அர்த்தம், நம்ம பாளையம்னு வெச்சுக்கோங்களேன். "கில்" வந்தா கோயிலு, "டன்" வந்தா கோட்டை. நான் பொறந்தது புதுப்பாளையம். "நூவா"ன்னா புதுசு. அதனால என் ஸ்டேஷன் பலகைல மேல ஐரிஷ்ல "பால்யா நூவா", கீழ இங்கிலீஷ்ல "நியூடவுன்". அப்பாரு படத்துக்குக் கீழதான் லேஅவுட்டு இருக்குது.